மலையும் காணியும் மனிதரும்: மலையகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் புவியியல் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில். வகுப்புப் பிள்ளைகள், கொழும்பிலிருந்து வரும் நண்பர்கள், தமிழ்நாட்டிலிருந்து உறவு தேடி வருகிறவர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதை விட ஓரிடத்தில் எழுதி வைப்போம் என்று தோன்றியது. சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

மலையகம் என்றால் எந்தப் பகுதி?

நுவரெலியா, கண்டி, பதுளை, மாத்தளை மாவட்டங்களின் மலைப் பகுதிகள். கேகாலை, இரத்தினபுரியின் ஓரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். நாட்டின் உயரமான சிகரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. மகாவலி, களனி, வளவை மூன்றும் இந்த மலைகளிலிருந்துதான் இறங்குகின்றன. இங்கே ஒரு மண்வெட்டி மண் கரைந்தால் அது எங்கோ கீழே ஒரு நீர்த்தேக்கத்தில் போய்த்தான் உட்காரும். மேலே என்ன பயிர், யார் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதனால்தான் ஊர்ப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை.

தேயிலைக்கு முன்னால் இந்த மலையில் என்ன இருந்தது?

பள்ளத்தாக்குகளில் சிங்களக் கிராமங்கள். வீட்டைச் சுற்றிப் பலா, கமுகு, கித்துள், மிளகு, கீழே வயல், மேலே சேனை, அதாவது காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர். அதற்கும் மேலே காடும், பத்தனை எனப்படும் புல்வெளியும். கண்டி அரசர்களுக்குக் காடுதான் மதில். ஆகவே அதை வெட்ட விடவில்லை.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1840இல் ஒரு சட்டம் வந்தது. உறுதி (உரிமைப் பத்திரம்) காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரிய காணி என்றது. பரம்பரையாக விறகு பொறுக்கிய, மாடு மேய்த்த, சேனை வெட்டிய காட்டுக்குக் கிராமத்தவரிடம் உறுதி ஏது? அப்படிப் பறிபோன காணி, தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் படை அதிகாரிகளும் நிறையப் பேர்.

காட்டை வெட்டிய விதம் பற்றிய பழைய வர்ணனைகள் இருக்கின்றன. அடிவாரத்திலிருந்து மரங்களைப் பாதி மட்டும் வெட்டி வைத்துக்கொண்டே மேலே போவார்கள். உச்சியில் உள்ள பெரிய மரங்களை முழுதாக வெட்டித் தள்ளியதும், அவை கீழே உள்ளவற்றைச் சாய்க்க, அவை அடுத்ததைச் சாய்க்க, மலை முழுவதும் ஒரே இரைச்சலோடு சரிந்து விழும். காய்ந்ததும் நெருப்பு. சாம்பல் மண்ணில் கோப்பிக் கன்று. 1870களின் இறுதியில் கோப்பி இரண்டரை லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது.

கோப்பி ஏன் போனது?

ஒரு பூஞ்சணம். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பது தெரிந்தது. மலை மலையாக ஒரே பயிர், காற்றை மறிக்க இடையில் காடும் இல்லை. நோய்க்கு வேறென்ன வேண்டும்? 1880களின் நடுவில் கோப்பித்துரைமார் கடனில் மூழ்கியிருந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை 1867இலேயே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டுப் பார்த்திருந்தார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒற்றைப் பயிர் செத்த இடத்தில் இன்னொரு ஒற்றைப் பயிர்.

தமிழர் வந்து குடியேறியதால்தான் காடு அழிந்தது என்கிறார்களே?

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இதை மிக மரியாதையாகவே என்னிடம் சொன்னார். அவரிடம் சொன்ன பதிலையே இங்கும் தருகிறேன்.

காட்டை அழிப்பது என்ற முடிவு காணியை விற்றவருடையதும் வாங்கியவருடையதும். ஆட்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். கோடரி பிடித்தவர்களில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்த சிங்களக் கிராமத்தவரும் இருந்தார்கள், தமிழ்க் கூலிகளும் இருந்தார்கள். மலை யார் கைக்குப் போகிறது என்று இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஆட்கள் வந்த வழியையும் பார்க்க வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் பக்கங்களில் பஞ்சமும் கடனும் விரட்ட, ஆள் சேர்க்கும் கங்காணியின் பேச்சை நம்பிக் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே சுமார் 150 மைல் நடை. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2023இல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அது இந்தப் பாதையை நினைத்துத்தான்.

இன்னொரு விஷயம். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் தேவை. வந்தார்கள், உழைத்தார்கள், பொங்கலுக்கு ஊர் போனவர்களும் உண்டு. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும்; ஏழெட்டு நாளைக்கு ஒரு முறை அதே மலைக்குத் திரும்பி வந்து எடுக்க வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக லயத்தில் இருத்தினார்கள். பயிர் மாறியதால் குடியிருப்பு நிரந்தரமானது.

அப்படியானால் உச்சிகளில் மட்டும் காடு எப்படி மிஞ்சியது?

இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவை நடத்திய ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேல் உள்ள மலைக்காட்டைத் தொடக்கூடாது என்று ஆலோசனை சொன்னார். 1873இல் அது நிர்வாகக் கட்டளையானது. ஆறுகளின் ஊற்றுக்கண் அங்கேதான் என்பது காரணம். அந்தக் கோட்டுக்கு மேலேயும் தேயிலை உண்டு, நுவரெலியாவைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் பெருமளவு தப்பின. நக்கிள்ஸ் மலைகளையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

நக்கிள்ஸின் கதை கொஞ்சம் வேறு. அங்கே பெரிய மரங்களை விட்டுவிட்டு, அடியில் உள்ளதைத் துப்புரவாக்கி ஏலம் வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு பத்திரம். உள்ளே போனால் வளர்ந்து வர ஓர் இளமரம் இருக்காது.

மக்கள் தொகை கூடிக்கொண்டே போவதுதானே அடிப்படைப் பிரச்சினை?

நாடு முழுவதற்கும் கூடியது உண்மை. 1871இன் முதல் குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 24 லட்சம் பேர். 1946இல் 66 லட்சம். 2012இல் இரண்டு கோடிக்கு மேல். மலேரியா கட்டுக்குள் வந்தது, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் பரவின, சாவு குறைந்தது. நல்ல செய்திதான். இப்போது வேகம் தணிந்துவிட்டது, ஒரு குடும்பத்துக்கு இரண்டு பிள்ளை என்பதுதான் வழக்கம்.

மலையகத் தோட்டங்களை எடுத்தால் கணக்கு தலைகீழ். குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவானவர்கள் 1953இல் நாட்டில் நூற்றுக்கு 12 பேர். 1971இல் 11 லட்சத்து 75 ஆயிரம் பேர் அளவில் இருந்தவர்கள் 1981இல் 8 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். 2012இல் நூற்றுக்கு 4 பேர். சிலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டதும் இதில் சேரும். ஆனால் பெரும் காரணம், ஆட்களை ஏற்றி அனுப்பியது.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போகும் இரயிலுக்கு எங்கள் பக்கம் அழுகைக் கோச்சி என்று பெயர்.

சரி, இத்தனை பேர் போனார்களே, மலையில் மண்ணரிப்பு குறைந்ததா? இல்லை. தலையை எண்ணிச் சூழலை அளக்கிறவர்களிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

போனவர்கள் போன இடத்தில் என்ன நடந்தது?

அங்கேயும் காடுதான் இடம் கொடுத்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வன நிலத்தில் தேயிலை எழுந்தது. கண்டியில் காடு அழித்த இடத்தில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் நீலகிரியில் அதே வேலைக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குச் ‘சிலோன்காரர்’ என்று பெயர்.

எழுபதுகளின் பஞ்சத்திலும் 1977, 1981, 1983 வன்செயல்களிலும் தப்பி வன்னிக்குப் போனவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். பாதுகாப்புக்காக ஓடுகிறவனுக்கு யாரும் விளைந்த வயலைக் கொடுப்பதில்லை. காட்டோரம்தான் கிடைக்கும்.

தேயிலை மண்ணைக் காக்கிறதா, கெடுக்கிறதா?

இரண்டும். நன்றாக மூடிய தேயிலை மலையில் மழைத்துளி நேரே மண்ணில் விழாது. இலையில் விழுந்து, உதிர்ந்த சருகில் விழுந்து, மெதுவாக இறங்கும். அப்படிப்பட்ட மலையில் மண் இழப்பு மிகக் குறைவு. அதே மலையில் நூறு வயது தாண்டிய விதைத் தேயிலை, நாலு செடிக்கு ஒரு செடி செத்து வழுக்கையாக இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு வழுக்கையும் மழைக்கு ஒரு வாசல். மூன்று நாலு ஆண்டுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டியதும் சில மாதங்களுக்கு மலை மொட்டையாக நிற்கும். அந்த நேரத்தில் பருவமழை பிடித்தால் போச்சு.

என் அப்பா கான் வெட்டுகிறவர். கான் என்றால் மலைக்குக் குறுக்கே, சற்றே சாய்வாக ஓடும் வடிகால். அதற்குள் சில அடிக்கு ஒரு முறை குழி விட்டு, குழிக்கும் குழிக்கும் நடுவே மண் திட்டு நிறுத்துவார்கள். மழை வந்ததும் தண்ணீர் குழியில் தேங்கி, வண்டலை இறக்கிவிட்டுத் திட்டைத் தாண்டி அடுத்த குழிக்குப் போகும். மழைக்குப் பிறகு அந்த வண்டலை அள்ளி மேல்பக்கத்துத் தேயிலைத் தூரில் போட வேண்டும். இதுதான் முக்கியம்; கீழே தள்ளக்கூடாது. “ஓடின மண்ண ஏத்தி வைடா” என்பார் அப்பா. ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, இத்தனை அடி கான் என்று கணக்கு. குறைந்தால் அரைப்பேர்.

இப்போது நான் பார்க்கும் பல மலைகளில் கான் தூர்ந்து, தேயிலையின் உயரத்துக்குப் புல் நிற்கிறது. ஆள் இல்லை, கூலிச் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது கான் வேலையில்தான். கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்கே நட்டம் தெரியும். கான் வெட்டாவிட்டால் பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இலிருந்து நிருவாகம் கம்பனிகளிடம் குத்தகைக்குப் போனது. பழைய தேயிலையைப் பிடுங்கி, ஒன்றரை இரண்டு ஆண்டு குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றி, அதன் பிறகு புதுக் கன்று நட வேண்டும். வருமானம் வர இன்னும் சில ஆண்டு. குத்தகைக்காரருக்கு அந்தப் பொறுமை எளிதில் வருவதில்லை.

மரக்கறிச் செய்கை தேயிலையை விட நல்லதா?

கையில் காசு வரும் வகையில் நல்லது. மண்ணின் பக்கம் நின்று பார்த்தால் மோசம்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை பக்கமும், கீழே வெலிமடை பக்கமும் போய்ப் பாருங்கள். கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு. சின்னச் சின்னப் பாத்திகள், கண்ணுக்கு அழகு. ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம், ஒவ்வொரு முறையும் மண் முழுதாகக் கிளறப்படுகிறது. கிழங்கு தண்ணீர் தேங்கினால் அழுகும் என்பதால் பலர் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடாமல் மேலிருந்து கீழாகவே போடுகிறார்கள். தண்ணீர் வேகமாக வடிகிறது, மண்ணோடு.

என் சித்தப்பா லயத்துக்குப் பின்னால் கால் ஏக்கரில் கரட் போடுகிறார். ஒரு ஒக்டோபர் மாலை, அரை மணி நேர மழைக்குப் பிறகு அவரோடு ஓடைக் கரையில் நின்றேன். தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. கரைக் கல்லில் வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருந்தன. அன்று காலை போட்ட யூரியா. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் மூட்டையில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தார். மறுநாள் திரும்பவும் போட்டார். “போடாட்டி காய் பெருக்காது, தம்பி” என்றார். தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்? கெப்பெட்டிபொல சந்தையில் சின்னக் கரட்டுக்கு விலை இல்லை.

நுவரெலியா மரக்கறி மண்ணில் பொஸ்பரஸ் தேவைக்கு மிக மேலே சேர்ந்து கிடப்பதை மண் பரிசோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதற்கு மேல் கோழி எருவும் லொறி லொறியாக ஏறி வருகிறது. மண்ணைப் பரிசோதித்துப் பசளை போட்டால் செலவும் குறையும். ஆனால் பரிசோதிக்க ஓரிடம், அறிக்கைக்கு இரண்டு கிழமை, அதற்குள் நடவு முடிந்துவிடும். பசளைக் கடைக்காரர் சொல்வதுதான் பரிசோதனை.

சித்தப்பாவின் துண்டு அவருடையது அல்ல. தோட்ட நிருவாகம் வாய்மொழியாக விட்ட இடம். எந்த நாளும் ‘விடு’ என்று சொல்லலாம். அப்படிப்பட்ட இடத்தில் யாராவது கல் அடுக்கிப் படிக்கட்டுப் பாத்தி கட்டுவார்களா?

2021இல் இரசாயனப் பசளையைத் தடுத்தார்களே, மண்ணுக்கு நல்லதுதானே?

எண்ணம் நல்லது, செய்த விதம் கேடு. அந்த ஆண்டு மேயில் இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் விலக்கினார்கள். மாற்று எருவுக்கு ஆயத்தமில்லை. 2021இல் 30 கோடி கிலோவுக்குக் கிட்ட இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியாக இறங்கியது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும் என்ற கணக்கில் பாருங்கள், எத்தனை கூடை குறைந்திருக்கும்! கான் குறைந்தால் அரைப்பேர் என்று முன்னமே சொன்னேன், கூடை நிறையாவிட்டாலும் அப்படித்தான். தடையின் செலவு கடைசியில் அங்கேதான் விழுந்தது. களைநாசினி கிளைபொசேட்டைத் தடுத்தபோதும் (2015) இதே மாதிரித்தான். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள்.

பைனஸ் மரங்கள் ஊற்றை வற்றடித்துவிட்டன என்பது உண்மையா?

வயதானவர்களைக் கேட்டால் சத்தியம் செய்வார்கள். எழுபது, எண்பதுகளில் பத்தனைப் புல்வெளிகளிலும் கைவிட்ட தேயிலைக் காணிகளிலும் பைனஸ் நட்டார்கள், வேகமாக மலையை மூட வேண்டும் என்பதற்காக. அதற்கு நூறு ஆண்டு முன்னரே தோட்டங்களில் விறகுக்காக யூகலிப்டஸ் வந்துவிட்டது. தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு ஓயாமல் வேண்டும். வேகமாக வளரும் இந்த மரங்கள் புல்லை விட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் என்பது பொதுவாக உண்மை. பைனஸ் ஊசி உதிர்ந்து கிடப்பது வெயில் காலத்தில் நெருப்புக்கு நல்ல தீனி.

எங்கள் லயத்துப் பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயில்) நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வாளி நிறைய இருபது எண்ண வேண்டும். இப்போது பங்குனியில் அம்மா வாளியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். ஆனால் மேலே பைனஸ் மட்டுமா இருக்கிறது? நாலைந்து குழாய்களும் இருக்கின்றன, மரக்கறிக்குத் தண்ணீர் இழுக்க. எல்லாப் பழியையும் மரத்தின் மேல் போட நான் தயாரில்லை. சிங்கராஜக் காட்டோரத்தில் பைனஸ் நிழலிலேயே நாட்டு மரங்களை நட்டு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வெட்டித் தள்ளுவதை விட அது நல்ல வழி.

சிறுத்தைகள் லயத்துக்கு வருவது ஏன்?

அவை வரவில்லை, இங்கேதான் இருக்கின்றன. தேயிலைக்கு நடுவே உள்ள காட்டுத் துண்டுகள்தான் அவற்றின் வீடு. லயத்து நாய் எளிதான சாப்பாடு. பெரும்பாலும் சாவது மனிதர் அல்ல, சிறுத்தைதான். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டிக்கொள்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் மாட்டிச் செத்தது. பன்றி ஓர் இரவில் கால் ஏக்கர் கிழங்கைத் தோண்டிவிடும்; அதற்கு நட்டஈடு கிடைக்காதவரை சுருக்குக் கம்பி விற்றுக்கொண்டுதான் இருக்கும்.

அணைகள் கட்டியபோது யார் இடம்பெயர்ந்தார்கள்?

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும், பார்க்கக் கூட்டம் வரும். 1985இல் முடிந்த கொத்மலையில் வயலோடு கிராமங்கள் மூழ்கின. பலரை வறண்ட வலயத்து மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே போனவர்களுக்கு யானைத் தொல்லை. மேலே கரைகிற மண் இந்த நீர்த்தேக்கங்களில்தான் படிகிறது. தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தில் மண் தேங்கினால் மின்சாரத்துக்கும் கேடு, கீழ்நாட்டு வயலுக்கும் கேடு. சித்தப்பாவின் ஓடையைப் பற்றி கொழும்புக்காரர் ஏன் கவலைப்பட வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மண்சரிவில் ஏன் எப்போதும் லயங்களே அகப்படுகின்றன?

எப்போதும் அல்ல, ஆனால் அடிக்கடி. லயத்துக்கு இடம் பார்த்தது யார்? தோட்டம். தேயிலைக்கு நல்ல இடத்தை விட்டுவிட்டு மிஞ்சிய சரிவு, ஓடை ஓரம், மலையை வெட்டிச் சமமாக்கிய திட்டு. அங்கே நூறு ஆண்டுக்கு மேல் பழைய சுவர்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வர வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போக இடம் வரவில்லை. ‘எழும்பிப் போங்கள்’ என்று கடிதம் கொடுப்பது சுலபம். வேலையும் வீடும் ஒரே தோட்டத்தில் கட்டுண்டு கிடக்கிறவர் எங்கே போவார்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகள் அதில் பெரும்பங்கு. அந்த மழை எந்த மலையையும் சோதித்திருக்கும். ஆனாலும் தூர்ந்த கான், சரிவில் வெட்டிய வீதி, வேர் இல்லாத பாத்தி இவையெல்லாம் சேர்ந்தால் மழைக்கு வேலை சுலபம்.

காணி உறுதி கொடுத்தால் ஆளாளுக்கு வெட்டி மலை இன்னும் கெடாதா?

இந்தக் கேள்வி எங்கள் காணிக்கு மட்டும்தான் வருகிறது, உச்சியில் எழும்பும் ஹோட்டலுக்கு வருவதில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

புது வீடுகள் பலவற்றோடு 7 பேர்ச்சஸ் கொடுத்தார்கள். ஒரு ஏக்கரில் 160 பேர்ச்சஸ். ஏழில் வீடு, கழிப்பறை, கொடிக்கயிறு போக ஒரு முருங்கை நிற்கும். சூழலைக் கெடுக்கவோ காக்கவோ அதில் இடமே இல்லை. கண்டிக் கிராமத்து வீட்டுத்தோட்டத்தைப் பாருங்கள்: பலா, கிராம்பு, மிளகு, கோப்பி, வாழை என்று அடுக்கடுக்காக நின்று மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அது அவர்களுக்குச் சொந்தம் என்பதால்தான் தாத்தா பலா நட்டார். காய்க்கும்போது தான் இருப்போமா என்று தெரியாதவன் மூன்று மாதத்தில் பிடுங்கும் கரட்டைத்தான் போடுவான். எல்லாச் சரிவையும் பிரித்துக் கொடு என்று நான் சொல்லவில்லை; செங்குத்தான இடங்களைக் காட்டுக்கே விட வேண்டும். பயிர் செய்ய ஏற்ற காணியை, செய்கிறவர் பெயரில் எழுத வேண்டும்.

இளைஞர்கள் எல்லாம் கொழும்புக்குப் போனால் தோட்டம் தானாகவே காடாகிவிடுமா?

1992இல் கம்பனித் தோட்டங்களில் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த தொழிலாளர் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. பையன்கள் கொழும்புக் கடைகளில், பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வளைகுடாவிலும். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. என் வகுப்பில் ‘கொழுந்தெடுக்கப் போவேன்’ என்று எழுதிய பிள்ளை இதுவரை இல்லை.

காடு தானாக வராது. கைவிட்ட தேயிலையில் முதலில் மானாப்புல், அதற்கு ஆண்டுதோறும் நெருப்பு. பக்கத்தில் விதை தரக் காடு இருந்து, நெருப்பையும் தடுத்தால் சில பத்தாண்டில் மரம் ஏறும். பல இடங்களில் அந்த இரண்டுமே இல்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

நிலத்தில் புது வெடிப்பு, நேற்றுவரை சாத்திய கதவு இன்று இறுகுவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று எழுவது, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது. இதில் ஒன்று கண்டாலும் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். இரவென்றால் சொல்லிக்கொண்டு நிற்காமல் வெளியே வாருங்கள்.

மழை அளவும் முக்கியம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, அது மஞ்சள். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், செம்மஞ்சள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால் சிவப்பு, உடனே கிளம்ப வேண்டும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பால்மா டின் ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, உள்ளே பாடசாலை அடிமட்டத்தை விட்டுப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75. எங்கள் லயத்தில் பீலிக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அம்மா அளந்து, கலண்டரில் எழுதிவிட்டுத்தான் டின்னைக் கவிழ்க்கிறார்.